முன்வரிசையில் உட்கார வைப்பேன்

போன மாதம் பாடக்குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகப்போகும் 38 பேருடைய நோட்டுகள். ஒவ்வொரு பாடக்குறிப்பின் கடைசியிலும் 'சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஏறக்குறைய எல்லாருமே ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: "முன்வரிசையில் உட்கார வைப்பேன், தனிக் கவனம் செலுத்துவேன்." அறிவியல் பாடமானாலும் அதே வரி, கணக்கானாலும் அதே வரி, விளையாட்டு வகுப்புக்கு எழுதிய குறிப்பிலும் அதே வரி. மைதானத்தில் முன்வரிசை என்று ஒன்று கிடையாது என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரியைக் கற்றுக்கொடுத்ததே ஆசிரியர் பயிற்சி கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள்தான். உள்ளடக்கிய கல்வி, அதாவது எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்பிப்பது, என்று தனியாக ஒரு தாள் வைக்கிறோம். அதில் குறைபாடுகளின் வகைகள், காரணங்கள், அறிகுறிகள், அதுசம்பந்தமான சட்டங்கள் என்று வரிசையாக நடத்துகிறோம், தேர்வில் "கற்றல் குறைபாட்டின் வகைகளை விளக்குக" என்று கேட்கிறோம், பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த மணி அடித்ததும் கணிதம் கற்பிக்கும் முறை வகுப்பு. அங்கே வரும் மாதிரி வகுப்பறையில் எல்லாக் குழந்தைக்கும் நன்றாகக் காது கேட்கும், எல்லாக் குழந்தையும் கரும்பலகையை ஒரே வேகத்தில் பார்த்து எழுதும், யாரும் எழுந்து நடக்க மாட்டார்கள். போன மணியில் படித்த குழந்தைகள் இந்த மணியில் காணாமல் போய்விடுகிறார்கள். இப்படி இரண்டு வருடம் படித்துவிட்டு வரும் ஒருவர் அந்தக் கடைசிக் கட்டத்தில் வேறு என்னதான் எழுதுவார்?

முன்வரிசை விஷயத்தில் நானே செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வகுப்பில் காதொலிக் கருவி போட்ட ஒரு சிறுமி இருந்தாள். முதல் நாளே அவளை முன்வரிசையில் நடுவில் உட்கார வைத்தேன். என் கடமை முடிந்தது என்று மனதார நம்பினேன். அவளும் நல்ல பிள்ளை, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் உடனே தலையாட்டுவாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு நோட்டுகளை வாங்கிப் பார்த்தபோதுதான் அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'நீர்ப்பட்டம்' என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். நான் சொல்லி எழுத வைத்தது 'நீர்மட்டம்'. முதலில் கவனக்குறைவு என்றுதான் சிவப்பு மையில் சுழித்தேன். அதே மாதிரி நான்கைந்து பிழைகள் தொடர்ந்து வரவும்தான் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சொற்களையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். பட்டம், மட்டம். பாடு, மாடு. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அவள் என் உதட்டைப் பார்த்துதான் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசிய நேரத்தில், வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்ன நேரத்தில், ஜன்னலுக்கு முன்னால் நின்று முகம் இருட்டாகத் தெரிந்த நேரத்தில் அவளுக்கு அதுவும் இல்லை. ஆறு மாதம் அந்தக் குழந்தை ஊகித்து ஊகித்துப் படித்திருக்கிறாள்.

இன்னொன்றும் அப்புறம்தான் புரிந்தது. முன்வரிசை நடுவில் உட்கார்ந்தால் ஆசிரியர் முகம் மட்டும்தான் தெரியும், மற்றப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். பின்னால் ஒருவன் பதில் சொல்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், இவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. இரண்டாவது வரிசையில் ஓரமாக, கொஞ்சம் திரும்பினால் வகுப்பு முழுவதும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அப்படியொரு இடம் சரியாக வருமா என்று அவளிடமே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எல்லாக் குழந்தைக்கும் முன்வரிசைதான் நல்லது என்பதே தவறான எண்ணம். பார்வைப் பரப்பு குறுகலாக இருக்கும் குழந்தைக்குப் பலகைக்கு மிக அருகில் இருந்தால் அதில் கொஞ்சம்தான் கண்ணில் விழும், சற்றுத் தள்ளி உட்கார்ந்தால்தான் முழுப் பலகையும் அடங்கும். ஓர் இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் குழந்தையை எல்லார் கண்ணும் படும்படி முன்னால் வைத்தால் அவனுக்கும் சங்கடம், பின்னால் இருப்பவர்களுக்கும் கவனம் சிதறும். ஓரத்தில் இடம் கொடுத்து, தேவைப்படும்போது எழுந்து நிற்கலாம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

காதொலிக் கருவி என்றதும் கண்ணாடி மாதிரி, போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது ஆசிரியர் குரலோடு சேர்த்து மின்விசிறிச் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், பக்கத்து வகுப்பு இரைச்சல் எல்லாவற்றையும்தான் பெரிதாக்கித் தரும். வகுப்பறை ஒலி பற்றிய அமெரிக்கத் தரவிதி ஒன்று, ஆளில்லாத வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆசிரியரின் பேச்சு அந்தச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும் என்று செவித்திறன் வல்லுநர்கள் சொல்கிறார்கள். நம்மில் எத்தனை பேருடைய வகுப்பறை அந்தக் கணக்குக்குள் வரும்? கதவைச் சாத்துவது, பெஞ்சுக் கால்களுக்கு அடியில் ரப்பரோ துணியோ வைப்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் இருப்பது ஆகியவை செலவில்லாத வேலைகள். இதையெல்லாம் எந்தத் தாளிலும் யாரும் கேட்பதில்லை.

சரி, பழங்கதை போதும். உள்ளடக்கிய கல்வி என்பது ஒன்றும் நேற்று வந்த பேச்சு இல்லை. 1994 ஜூனில் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைப்போம் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது, அதன் 24-வது பிரிவு கல்வியைப் பற்றியது. அந்தப் பிரிவில் ஆசிரியர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களை வேலைக்கு எடுக்க வேண்டும், அவர்களில் மாற்றுத்திறனாளி ஆசிரியர்களும் இருக்க வேண்டும், எல்லா நிலையிலும் உள்ள பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது. உலகத்தில் கிட்டத்தட்ட 24 கோடிக் குழந்தைகள் ஏதாவது ஒரு மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2021-ல் கணக்குச் சொன்னது. சுமாராகப் பத்தில் ஒரு குழந்தை. அதாவது இன்றைக்குப் பயிற்சி முடித்து வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு குழந்தை கண்டிப்பாகக் கிடைக்கும், அநேகமாக முதல் வருடமே கிடைக்கும். ஆனால் 2018-ல் நடந்த டாலிஸ் என்ற பன்னாட்டு ஆசிரியர் ஆய்வில், எந்த விஷயத்தில் இன்னும் பயிற்சி அதிகம் தேவை என்று கேட்டபோது, சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பதில் என்று ஐந்தில் ஒருவருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். பல வருடம் அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

எனக்கு இதில் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். புது ஆசிரியருக்குக் குறைபாடுகளின் பட்டியல் தெரிவதைவிட, தன் பாடம் எந்த இடத்தில் எந்தக் குழந்தையை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அது படித்து வராது. சைக்கிள் ஓட்டுவது மாதிரி, செய்து பார்த்து, விழுந்து, யாராவது பக்கத்தில் நின்று சொல்லித்தான் வரும்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பயிற்சியில் இருப்பவர் வகுப்பு எடுக்கும்போது ஐந்து நிமிடம் செல்போனில் வீடியோ எடுப்போம். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன். முகம் வகுப்பைப் பார்த்து எத்தனை நேரம் இருந்தது, எத்தனை முறை பலகையோடு பேசினோம் என்று அவர்களே எண்ணுவார்கள். ஒருவர் ஐந்து நிமிடத்தில் பாதிக்கு மேல் முதுகைக் காட்டிக்கொண்டு பேசியிருந்தார், பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவே இல்லை. அப்புறம் படத்தை மறைத்துவிட்டு வெறும் சத்தத்தை மட்டும் கேட்போம். "இதையும் இதையும் கூட்டினா இது வருதா, அப்போ இதை இங்கே கொண்டுவந்தா..." என்று ஓடும். எதையும் எதையும் கூட்டினால் எது வரும்? பார்வையில்லாத குழந்தைக்கு அந்த ஐந்து நிமிடம் வெறும் காற்று. "மூணையும் நாலையும் கூட்டினா ஏழு" என்று எழுதும்போதே வாயால் சொல்லிவிட்டால் போதும். இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். அதோடு, குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் மற்ற 30 பேருக்கும் அதே வாக்கியம் உதவுகிறது.

மூன்றாவது தடவை அதே வீடியோவைப் போட்டு, கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று பார்ப்போம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் கேட்டு, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாக வந்தன, தெரியாது என்று சொல்வது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மூன்று விநாடி என்பது சொல்வதற்குச் சின்னது, வகுப்பு முன்னால் நின்று பார்த்தால் அது ரொம்ப நீளம், புது ஆசிரியருக்கு நெஞ்சு படபடக்கும். திக்கிப் பேசும் குழந்தைக்கு, கேள்வியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும் குழந்தைக்கு, அந்த மூன்று விநாடிதான் வகுப்புக்குள் நுழையும் வாசல். அவர்களை மனதுக்குள் எண்ணச் சொல்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு கை மெதுவாக மேலே வரும்.

இனி பாடக்குறிப்பு. போன தடவை ஒரு பயிற்சி ஆசிரியை பின்னம் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். இரண்டில் ஒரு பாகம் பெரியதா, மூன்றில் ஒரு பாகம் பெரியதா என்பதுதான் பாடம். பலகையில் வட்டம் வரைவேன், பிள்ளைகள் நோட்டில் வரைந்து நிழலிடுவார்கள், கீழே விடை எழுதுவார்கள் என்று போட்டிருந்தார். நான் கேட்டேன், "இந்தப் பாடத்துல பிள்ளை கத்துக்க வேண்டியது என்னம்மா, வட்டம் வரையறதா?" இல்லை, எந்தப் பின்னம் பெரியது, ஏன் பெரியது என்பது. "அப்போ கையில வலுவில்லாத பிள்ளை எங்கே நின்னுபோகும்?" வட்டத்திலேயே நின்றுவிடும். பார்வை குறைந்த பிள்ளை? பலகையைப் பார்த்து வரைகிற இடத்தில். மெதுவாக எழுதும் பிள்ளை? நிழலிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒவ்வொரு குழந்தையும் பின்னத்துக்கு வருவதற்கு முன்பே வேறு ஏதோ ஒன்றில் தடுக்கி விழுகிறது.

அவர் யோசித்து இரண்டாவது முறை எழுதிக்கொண்டு வந்தது வேறு மாதிரி இருந்தது. ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகள். ஒன்றை இரண்டாக மடிக்க வேண்டும், இன்னொன்றை மூன்றாக மடிக்க வேண்டும், ஒரு மடிப்பை இன்னொரு மடிப்பின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். விரலால் தடவினாலே எது நீளம் என்று தெரியும். மடிக்க முடியாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவன் மடித்துக் கொடுக்கலாம், ஏனென்றால் மடிப்பது பாடம் இல்லை, ஒப்பிட்டு முடிவு சொல்வதுதான் பாடம். முடிவை வாயால் சொல்லலாம், எழுதலாம், பட்டைகளை வரிசையாக அடுக்கிக் காட்டலாம். சீக்கிரம் முடித்துவிட்டு சும்மா உட்காரும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டா, ஏழில் மூன்றா என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான் மாற்றம், பட்டை வெட்டுவதற்கு முந்தின நாள் மாலை அரை மணி நேரம் ஆனதாகச் சொன்னார். வகுப்பில் நடந்த ஒன்றை அவர் வந்து சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எப்போதும் சரியான விடை எழுதும், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பையன், "மூணு பெரிசு, அதனால மூணுல ஒரு பாகம்தான் பெரிசு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். பட்டையை மடித்த பிறகு அவனே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். வட்டம் வரைந்து நிழலிட்டிருந்தால் பக்கத்தில் பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பான், அவனுக்குப் புரியவில்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படி ஆரம்பத்திலேயே பல வழிகளை வைத்துத் திட்டமிடுவதற்கு அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று பெயர். 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு இதை வளர்த்தெடுத்தது. கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு சாய்தளம் ஒட்டவைக்காமல் வரைபடத்திலேயே எல்லாரையும் நினைக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் ரான் மேஸ் சொன்ன கருத்துதான் இதற்கு மூலம். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது, பயிற்சியில் இருப்பவர்கள் உடனே "சரி மேடம், இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கற்றல் பாணிக் கொள்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம், ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டுவது அல்ல.

சீட்டு ஒட்டுவது பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். பட்டியலை நன்றாகப் படித்தவர்கள்தான் பள்ளிக்குப் போன இரண்டாவது நாளே "மேடம், அந்தப் பையனுக்கு டிஸ்லெக்சியா", அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாடு, என்று வந்து நிற்பார்கள். எப்படித் தெரியும் என்றால் மெதுவாக எழுதுகிறான், எழுத்தை மாற்றிப் போடுகிறான் என்பார்கள். தமிழில் வாசிக்கக் கற்பது சின்னப் பிள்ளைக்கு அத்தனை எளிதா என்ன? 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் க் முதலில் வருகிறது, எ அப்புறம்தான் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கொம்பு, அந்தப் பக்கம் ஒரு கால், நடுவில் க. ல, ள, ழ வேறுபாடு பேச்சில் பல பேருக்கு இல்லவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை இதில் தடுமாறுவது சாதாரணம். எல்லாரும் தாண்டிப் போன பிறகும் ஒரு பிள்ளை அங்கேயே நின்றால், எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் எழுத்தும் ஒலியும் சேர மறுத்தால், அப்போது கவனிக்க வேண்டும், அதற்குரிய வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். பெயர் வைப்பது நம் வேலை இல்லை.

அதனால் பிள்ளைகளைப் பற்றி ஒரு நோட்டில், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்கிறேன். 'சோம்பேறி', 'கவனமில்லை', 'மந்தம்' போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. ஒருவர் முதல் வாரம் ஒரு பையனைப் பற்றி 'எழுத மறுக்கிறான்' என்று எழுதியிருந்தார். திரும்பப் போய்ப் பத்து நிமிடம் அவனை மட்டும் பாருங்கள் என்றேன். அடுத்த குறிப்பு இப்படி வந்தது: "பத்து நிமிடத்தில் மூன்று வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு தடவை தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்க்கிறான். கண்ணைச் சுருக்குகிறான். நான்காவது வரியைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினான், அப்போது வேகமாக எழுதினான்." இந்த நான்கு வரியைப் படிக்கும் யாருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கண்ணாடி வந்தது. எல்லாக் கதையும் இப்படி ஒரு கண்ணாடியோடு முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் முதலில் அந்தப் பத்து நிமிடம் பார்த்தால்தான் எது முடியும், எது முடியாது என்றே தெரியவரும்.

பயிற்சி வகுப்புகளில் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வது, காதில் பஞ்சு வைப்பது போன்ற விளையாட்டுகள் இப்போது பரவலாக நடக்கின்றன. நான் நிறுத்திவிட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தடுமாறியவருக்குத் தெரிவது பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் பயம் மட்டும்தான். பல வருடமாக வெண்கோலோடு நடந்து, பிரெயிலில் படித்து, திரைவாசிப்பான் வைத்துக் கணினியில் வேலை செய்யும் ஒருவருடைய திறமை அதில் தெரியவே தெரியாது. கட்டை அவிழ்த்ததும் "ஐயோ பாவம்" என்றுதான் சொல்கிறார்கள், அந்தப் பாவம் என்ற சொல்லோடுதான் வகுப்புக்குள்ளும் போகிறார்கள். பாவம் பார்க்கும் ஆசிரியர் அந்தக் குழந்தையிடம் கடினமான கேள்வி கேட்க மாட்டார். அதற்குப் பதிலாக இப்போது பார்வையற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து ஒரு முழுநாள் கணக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறேன். பயிற்சியில் இருப்பவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து கற்கிறார்கள். மாலையில் அவரிடம் கேள்வி கேட்கலாம். அவர் எப்படித் திருத்துகிறார், வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார், பள்ளியில் படித்தபோது எந்த ஆசிரியர் உதவினார், யார் ஒதுக்கினார், எல்லாம் பேசுவார்கள். போன முறை அவர் சொன்ன ஒரு விஷயம் பலருடைய நோட்டில் இருந்தது: பள்ளியில் வரைபடப் பயிற்சி வரும்போதெல்லாம் "நீ சும்மா உட்காருப்பா" என்று அன்பாகச் சொல்வார்களாம், அதனால் பல வருடம் வரைபடம் என்றால் என்ன என்றே தெரியாமல் இருந்தாராம்.

அந்த அன்பான 'சும்மா உட்காரு' பற்றித்தான் புது ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பப் பேசுகிறேன். குழந்தை பாடத்துக்கு வந்து சேரும் வழியை மாற்றுவது ஒன்று, பாடத்தையே குறைத்துவிடுவது வேறு. தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் வினாத்தாள், சொல்வதை எழுதுபவர், வாய்வழி விடை ஆகியவற்றில் பாடம் அப்படியே இருக்கிறது, வழிதான் வேறு. எல்லாரும் பின்னம் படிக்கும்போது ஒருவனுக்கு மட்டும் வண்ணம் தீட்டப் படம் கொடுத்தால் அவன் அந்த வகுப்பில் இல்லை, அந்த அறையில் மட்டும் இருக்கிறான். சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே பாடத்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அது பெற்றோரோடும் சிறப்பு ஆசிரியரோடும் உட்கார்ந்து பேசி, எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்துச் செய்ய வேண்டிய முடிவு. காலையில் அவசரத்தில் எடுக்கும் முடிவு இல்லை.

சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்ததுதான். இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் 2003 முதல் 2008 வரை, வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் உதவியாளர்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்த, துணை குறைவாகக் கிடைத்த பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று அதில் தெரியவந்தது. உதவியாளர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று அர்த்தம் இல்லை. வேலையை முடித்துக் கொடுப்பதிலேயே அவர்கள் கவனம் போயிற்று, பாடத்தை முன்கூட்டித் திட்டமிட ஆசிரியரோடு பேச அவர்களுக்கு நேரமே இல்லை, உதவியாளர் பக்கத்தில் இருக்கிறார் என்பதால் ஆசிரியர் அந்தக் குழந்தையோடு பேசுவதும் குறைந்தது. மிகவும் உதவி தேவைப்படும் குழந்தைக்குத் தகுதி பெற்ற ஆசிரியரின் நேரம் மிகக் குறைவாகக் கிடைத்தது. அதனால் பயிற்சியிலேயே பொது ஆசிரியராகப் போகிறவரையும் சிறப்பு ஆசிரியராகப் போகிறவரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே பாடத்தைத் திட்டமிட வைக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனிக் கட்டடத்தில் படித்து, வேலையில்தான் முதல்முறை சந்திக்கிறார்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் சிலர், "50 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாம் நடக்காது. இத்தாலி 1977-ல் தனி வகுப்புகளை மூடிவிட்டு எல்லாரையும் ஒன்றாகப் படிக்க வைத்தபோது, மாற்றுத்திறனாளிப் பிள்ளை சேர்ந்து படிக்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், துணை ஆசிரியர் உண்டு என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆசிரியரின் மனசு மட்டும் மாறினால் போதும் என்று பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது, ஆள் வேண்டும், நேரம் வேண்டும், இடம் வேண்டும். அது கிடைக்கும்வரை என்ன செய்வது என்று புது ஆசிரியர் கேட்டால், முகத்தைக் காட்டிப் பேசுங்கள், எழுதுவதை வாயால் சொல்லுங்கள், நான்கு எண்ணிவிட்டுப் பதில் வாங்குங்கள், வாரத்துக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் 'எங்கே நின்றுபோகும்' என்று கேட்டுத் திருத்துங்கள் என்கிறேன். ஒரு வருடம் முடியும்போது கையில் 30, 35 பாடங்கள் இருக்கும்.

முதல் வருடம்தான் எனக்குப் பெரிய வருத்தம். பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், மிகவும் துணை தேவைப்படும் அந்த வருடத்தில் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மதிப்பெண் போடாமல் பேசிவிட்டுப் போனால்கூடப் பெரிய உதவி. இதற்கென்று எங்கேயும் நேரம் ஒதுக்கவில்லை, அதனால் நான் வெறும் வாட்ஸ்அப் குழு ஒன்றை வைத்திருக்கிறேன். கடந்த நாலு வருடத்தில் படித்து முடித்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

நேற்று இரவு அதில் ஒரு செய்தி. பின்னம் எடுத்த அதே ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் இருக்கிறானாம், காலை முழுவதும் நன்றாக இருப்பவன், மதியம் இரண்டாவது மணியில் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறானாம், அந்த நேரம் பாடம் கடினமா என்று பார்த்தால் அதுவும் இல்லை, அவனுக்குப் பிடித்த பாடம்தானாம். "பட்டியல்ல இதுக்கு என்ன போட்டிருந்தோம்னு தேடினேன் மேடம், கிடைக்கல. அப்புறம் அந்த மணி நேரத்துல ரூமுக்கு வெளியே என்ன நடக்குதுன்னு பார்க்கலாம்னு தோணுச்சு. நாளைக்கு ஒரு வகுப்பு மாத்திக் கேட்டிருக்கேன், அவன் பக்கத்துல தரையில உக்கார்ந்து பார்க்கப் போறேன்" என்று எழுதியிருந்தார்.

நான் இன்னும் பதில் போடவில்லை. அவர் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.